என் பிள்ளை எந்த அடுக்கில் இருக்கிறாள்?

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர்கள், தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். போன ஜூன் மாதம் எனக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து, முப்பது மணி நேரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு இறந்துபோனது. ஆபரேஷன் முடிந்து நான் மயக்கத்தில் கிடந்தேன், வீட்டில் யாருக்கும் ஞானஸ்நானம் ஞாபகம் வரவில்லை. "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போவில் இருட்டில் கிடக்கும்" என்று கணவரின் பாட்டி சொன்னார். பக்கத்து வீட்டு லாத்தா, "அழாதே, உன் பிள்ளை இப்ராஹீம் நபிகிட்ட விளையாடிட்டு இருக்கு" என்கிறார். ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடினால் நரகத்துக்கு ஒன்பது வட்டம், ஏழு வாசல், சொர்க்கத்துக்கு ஏழு வானம், நூறு படி என்று என்னென்னவோ வருகிறது. அந்த ஒன்பதில் முதல் வட்டமே லிம்போதான் என்று படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. என் பிள்ளை எங்கே இருக்கிறாள்? பாட்டியைப் பார்த்தாலே ஆத்திரம் வருகிறது. இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை, கல்லறைத் திருநாளன்று எங்கள் கல்லறைகளுக்கெல்லாம் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மதிலுக்கு வெளியே ஓர் ஓரத்திலும் ஒன்று ஏற்றிவைக்கிறவர். இன்னொன்று, பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இனிமேல் வைக்கலாமா?

பதில்:

அன்புச் சகோதரி,

கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். உங்கள் மகள் லிம்போவில் இருக்கிறாள் என்று உங்கள் திருச்சபை இன்று கற்பிக்கவில்லை. எந்தக் காலத்திலும் லிம்போவை எல்லோரும் நம்பியே ஆக வேண்டிய விசுவாச சத்தியமாக அறிவித்ததும் கிடையாது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் பற்றி ஒரு பத்தியே இருக்கிறது, எண் 1261. அதில் லிம்போ என்ற சொல்லே இல்லை. அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம் என்று சொல்லிவிட்டு, "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள், அவர்களைத் தடுக்காதீர்கள்" என்ற இயேசுவின் வார்த்தையை அங்கே வைத்திருக்கிறார்கள். 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்டின் ஒப்புதலோடு வெளியான சர்வதேச இறையியல் ஆணையத்தின் அறிக்கை இன்னும் வெளிப்படையாகவே பேசியது: இந்தக் குழந்தைகள் கடவுளைக் காண்பார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் இருக்கின்றன என்றது. நிச்சயமாகத் தெரியும் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை, எதிர்நோக்கு என்ற அளவில்தான் நிறுத்திக்கொண்டது. உங்களிடம் கூட்டிச் சொல்ல விரும்பாததால் இதையும் எழுதுகிறேன்.

நான் ஒப்பீட்டுச் சமயம் கற்பிப்பவள், மருத்துவமனையில் பிள்ளையை இழந்த தாய்மாரோடு உட்கார்ந்து பேசுவதும் என் வேலைதான். "எந்த அடுக்கில்?" என்ற கேள்வியை அந்த அறைகளில் வெவ்வேறு மதத்துத் தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அந்த அடுக்குகளை யார், எந்தக் கேள்விக்காகக் கட்டினார்கள் என்று தெரிந்ததும் பலருக்குப் பயம் பாதி குறைந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லிம்போவின் கதை ஒரு சண்டையிலிருந்து தொடங்குகிறது. ஐந்தாம் நூற்றாண்டில், மனிதன் தன் முயற்சியால் நல்லவனாகிவிட முடியும் என்று பெலாஜியஸ் என்ற துறவியின் பக்கத்தார் சொல்ல, புனித அகுஸ்தீன் அதை முழு மூச்சாக எதிர்த்தார். கிறிஸ்துவின் அருள் இல்லாமல் யாருக்கும் மீட்பு இல்லை என்று நிறுவ வேண்டும், அந்த வாதத்தின் நடுவே குழந்தைகள் வந்து மாட்டிக்கொண்டார்கள். ஆதாமிலிருந்து வழிவழியாக வரும் ஜென்மப் பாவத்தோடு இறந்த குழந்தை விண்ணகம் போக முடியாது, ஆனால் அதற்குக் கிடைப்பது எல்லாவற்றிலும் மிக இலேசான தண்டனை என்று எழுதினார். பின்னால் வந்தவர்களுக்கு அதுவும் மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இறையியலாளர் அபெலார்டு, குழந்தைகளுக்கு வேதனையே இல்லை, கடவுளைக் காணும் பாக்கியம் மட்டும் இல்லை என்றார். தாமஸ் அக்குவினாஸ் இன்னும் இறங்கிவந்து, அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்றே தெரியாது, அதனால் துக்கமும் கிடையாது, இயல்பான மகிழ்ச்சியில் இருக்கிறார்கள் என்றார். கவனித்தீர்களா, ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் குழந்தைகளை இருட்டிலிருந்து ஒரு படி மேலே தூக்கிக்கொண்டே வந்திருக்கிறது. லிம்போ என்ற பெயரே இலத்தீனில் துணியின் ஓரம், சேலைக்குக் கரை இருக்கிறதே அது மாதிரி. நரகத்தில் தள்ள மனம் வராமல், விண்ணகத்தில் வைக்க வாதம் இடம் தராமல், கடைசியில் கரையில் வைத்தார்கள். பாட்டி சொன்ன "இருட்டில் கிடக்கும்" என்பது அக்குவினாஸுக்கே சம்மதமில்லாத பேச்சு.

ஆனாலும் இந்த நம்பிக்கை தாய்மாரை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். சுவிட்சர்லாந்தில் ஓபர்பியூரன் என்ற இடத்தில் ஒரு மாதா கோவில் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளை அங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள், நெருப்புக் கதகதப்பில் வைத்து, உதட்டருகே ஓர் இறகை வைத்துப் பார்ப்பார்கள், இறகு லேசாக அசைந்தால் உயிர் திரும்பிவிட்டது என்று உடனே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, அங்கேயே அடக்கம் செய்வார்கள். பின்னாளில் அந்த இடத்தைத் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. அயர்லாந்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கோவில் கல்லறையில் புதைக்க விடாததால் வயல் ஓரத்திலும் கடற்கரையிலும் தனியாகப் புதைத்தார்கள், அந்த இடங்களுக்குச் சில்லீன் என்று பெயர், பெரும்பாலும் பெயர்க்கல் கிடையாது. நீங்கள் இன்று அனுபவிக்கிற வலியைப் பல நூற்றாண்டுத் தாய்மார் அனுபவித்திருக்கிறார்கள். திருச்சபை இறங்கிவந்ததில் அந்த வலிக்கும் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சரி, அந்த ஒன்பது வட்டம். அது வேதத்திலும் இல்லை, ஆயர்கள் கூடும் எந்தப் பொதுச்சங்கத்தின் தீர்மானத்திலும் இல்லை. 1321-இல் இறந்த இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் கட்டிய நரகம் அது. முதல் வட்டத்தில் அவர் லிம்போவை வைத்தது உண்மைதான், ஆனால் அங்கே நெருப்போ சவுக்கோ இல்லை, பெருமூச்சு மட்டுமே. ஹோமரும் அரிஸ்டாட்டிலும், கிறிஸ்தவர்களை எதிர்த்துப் போரிட்ட சலாவுத்தீனும்கூட அங்கே கௌரவமாகத்தான் இருக்கிறார்கள். பெரிய கவிஞர், ஆனால் உங்கள் பிள்ளைக்கு இடம் ஒதுக்க அவருக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. போனில் வருகிற படங்களில் அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு இதுதான் கிறிஸ்தவ போதனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து ராத்திரியில் அதைத் தேடுவதையும் நிறுத்துங்கள்.

ஏழு என்ற எண்ணுக்கு வருவோம். வானத்தில் நகர்கிற வெளிச்சங்களாகப் பழங்காலத்தவர் கண்டது ஏழு, நம் வாரத்தில் ஞாயிறு முதல் சனி வரை பெயராக நிற்கிறதே அதே ஏழு. ஏழு வானம் என்ற எண்ணத்துக்கு அதுவும் ஒரு வேர் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். யூதர்களின் மறைநூல் விளக்கத் தொகுப்பான தால்மூதில் ஏழு வானங்களுக்கும் பெயரே சொல்லியிருக்கிறது. முதலாவது விலோன், அதாவது திரை, காலையும் மாலையும் விலகி மூடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. ஏழாவது அராவோத். அந்த உச்சியில் என்னென்ன இருக்கின்றன என்று ரபிகள், அதாவது யூத மத ஆசான்கள், பட்டியலிடும்போது, நீதிமான்களின் ஆன்மாக்களும், இனிமேல் பிறக்க வேண்டிய உயிர்களும், இறந்தோரை எழுப்பக் கடவுள் தெளிக்கப்போகிற பனித்துளியும் என்கிறார்கள். முழுதாக வாழ்ந்து முடித்தவர்களையும் வாழத் தொடங்காதவர்களையும் ஒரே வானத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்த வரியை நான் வாசிக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவேன்.

அதே தால்மூதில் உங்கள் கேள்வியையே ரபிகள் கேட்டிருக்கிறார்கள்: ஒரு குழந்தைக்கு வரப்போகும் உலகில் எப்போதிலிருந்து பங்கு? பேசத் தொடங்கியதிலிருந்து என்கிறார் ஒருவர், ஆமென் சொல்லக் கற்றதிலிருந்து என்கிறார் ஒருவர், விருத்தசேதனத்திலிருந்து, பிறந்ததிலிருந்து என்று ஆளுக்கொன்று சொல்ல, ரவீனா என்பவர் கருவான நேரத்திலிருந்தே என்றுவிடுகிறார். இன்னோர் இடத்தில், கடவுள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார் என்று ஒரு பேச்சு. நாளின் கடைசிப் பகுதியில் அவர் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார் என்று வருகிறது. சிறு வயதிலேயே இறந்துபோன பிள்ளைகள் அவர்கள் என்பது தால்மூதுக்கு உரை எழுதிய ராஷியின் விளக்கம். நரகத்துக்கு யூத மரபில் கெஹின்னோம் என்று பெயர், எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர்தான் அது. ஒரு காலத்தில் அங்கே பிள்ளைகளை நெருப்பில் பலியிட்டார்கள் என்று இறைவாக்கினர் எரேமியா கொதித்துப்போய், "நான் இதைக் கட்டளையிடவில்லை, என் மனதில்கூட இது தோன்றவில்லை" என்று கடவுள் சொல்வதாக எழுதியிருக்கிறார். நரகம் என்ற சொல்லின் அடியிலேயே, பிள்ளைகள் நெருப்பில் வேகக் கூடாது என்ற கோபம் இருக்கிறது.

லாத்தா சொன்னதைப் பற்றி. ஆறுதலுக்காக வாய்க்கு வந்ததை அவர் சொல்லவில்லை. நபிகள் கண்ட ஒரு நீண்ட கனவை அவருடைய தோழர் ஸமுரா இப்னு ஜுன்துப் அறிவிக்கும் ஹதீஸ், அதாவது நபிமொழி, ஸஹீஹ் புகாரி என்ற தொகுப்பில் இருக்கிறது. பசுமையான தோட்டம், நடுவில் தலை கண்ணுக்கு எட்டாத அளவு உயரமான ஒரு மனிதர், அவரைச் சுற்றி எண்ணிக்கை இல்லாத குழந்தைகள். அந்த உயரமானவர் இப்ராஹீம், குழந்தைகளெல்லாம் பிறந்த இயல்பிலேயே இறந்துபோனவர்கள் என்று விளக்கம் வருகிறது. அப்போது கூட இருந்தவர்கள், கடவுளுக்கு இணைவைப்பவர்களின் பிள்ளைகளுமா என்று கேட்கிறார்கள். அவர்களின் பிள்ளைகளும்தான் என்று நபிகள் பதில் சொல்கிறார். மற்ற மதத்தவரின் குழந்தைகளைப் பற்றி முஸ்லிம் அறிஞர்களிடையே வேறு கருத்துகளும் உண்டு, ஆனால் இமாம் நவவி போன்ற பெரியவர்கள் அவர்கள் சொர்க்கத்தில் என்பதையே சரியான கருத்தாக எடுத்தார்கள். ஆக, லாத்தா தன் மார்க்கத்தின் மிக அழகான ஒரு காட்சியில் உங்கள் மகளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் விசுவாசத்துக்குத் துரோகமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஏழை லாசர் இறந்ததும் வானதூதர்கள் அவரைக் கொண்டுபோய் அமர்த்தியது ஆபிரகாமின் மடியில்தான் என்று லூக்கா நற்செய்தியிலும் இருக்கிறது. அதே ஆபிரகாம்தான்.

நீங்கள் போனில் பார்த்த மற்ற எண்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். குர்ஆன் சொல்கிற ஏழு வானம் ஆகாயத்தின் அடுக்கு, சொர்க்கத்தின் அடுக்கு வேறு. சொர்க்கத்துக்கு நூறு படித்தரங்கள் என்றும் உச்சியில் இருப்பது ஃபிர்தவ்ஸ் என்றும் சொல்வது ஹதீஸ். நரகத்துக்கு ஏழு வாசல் என்பது குர்ஆனில் 15:44, அதன் அடித்தட்டு நயவஞ்சகர்களுக்கு என்பது 4:145. முப்பது மணி நேரம் மூச்சு விட்ட குழந்தைக்கு எந்த வஞ்சகமும் தெரியாது, அந்த வாசல்கள் எதிலும் அவளுக்கு வேலையில்லை. நம் உத்தரிக்கிற ஸ்தலமும் அப்படித்தான், தானாகச் செய்த பாவத்தின் கறையைக் கழுவும் இடம் அது, தானாக ஒரு பாவமும் செய்யாதவளிடம் அங்கே கழுவ என்ன இருக்கிறது?

இனி விண்ணகத்தில் படிகள் உண்டா என்றால், கத்தோலிக்கப் போதனையில் ஒரு வகையில் உண்டு. 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம், எல்லோரும் கடவுளைக் காண்பார்கள், ஆனால் அவரவர் தகுதிக்கேற்ப ஒருவர் மற்றவரைவிட நிறைவாகக் காண்பார் என்றது. இதைக் கேட்டால் உங்களுக்கு உடனே, என் பிள்ளைக்கு என்ன தகுதி இருக்கிறது, கடைசிப் படியா என்று தோன்றும். புனித குழந்தை தெரேசாளுக்கும் சின்ன வயதில் இந்த மாதிரி சந்தேகம் வந்தது. எல்லோருக்கும் கடவுள் ஏன் ஒரே அளவு மகிமை கொடுக்கவில்லை, குறைவாகக் கிடைத்தவர்கள் வருத்தப்பட மாட்டார்களா என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா அப்பாவின் பெரிய டம்ளரையும், தைக்கும்போது விரலில் மாட்டுகிற சின்ன உலோகத் தொப்பியையும் எடுத்து வைத்து, இரண்டிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, எது அதிகம் நிறைந்திருக்கிறது சொல் என்றாள். படிகளைப் பற்றி நான் வாசித்த அத்தனை இறையியலிலும் இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

ஞானஸ்நானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை இனிமேல் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். உயிர் போகும் அவசரத்தில் யார் வேண்டுமானாலும், ஒரு நர்ஸ்கூட, சரியான எண்ணத்தோடு தண்ணீர் ஊற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னால் அது ஞானஸ்நானம்தான். "அப்போ ஏன் யாரும் செய்யல?" என்று கேட்பார்கள். நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள். உங்கள் கணவர் ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் பிள்ளை என்று இரண்டு வார்டுக்கு நடுவில் ஓடியிருப்பார். மறக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். மறைக்கல்வி நூலின் 1257-ஆம் எண் சொல்வது இது: கடவுள் மீட்பை ஞானஸ்நானத்தோடு இணைத்திருக்கிறார், ஆனால் அவரே ஞானஸ்நானம் போன்ற தம் அருளடையாளங்களால் கட்டுண்டவர் அல்ல. டிசம்பர் 28 அன்று பூசைக்குப் போயிருப்பீர்கள், ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளின் நாள். அவர்களில் ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. திருச்சபை அவர்களைப் புனிதர்கள் என்று அழைத்து பீடத்தில் வைத்திருக்கிறது.

இப்போது பாட்டி. உங்கள் ஆத்திரம் நியாயம்தான், அந்த வார்த்தையைப் பிள்ளை இறந்த வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை விடவில்லை, மதிலுக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி என்றீர்களே. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி ஞானஸ்நானம் இல்லாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது, அர்ச்சித்த மண்ணில் இடமும் கிடையாது. உங்கள் பாட்டி பிள்ளை பெற்ற காலம் பெரும்பாலும் அந்தச் சட்டம் இருந்த காலம். 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்புதான், ஞானஸ்நானம் கொடுக்க நினைத்தும் அதற்குள் பிள்ளை இறந்துவிட்டால் ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கம் தரலாம் என்று எழுதிவைத்தது. அந்த மதில் ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, என் ஊகம் தப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் வீட்டில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மத்தியான நேரத்தில், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த மெழுகுவர்த்தி யாருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். சண்டைக்குக் கேட்காமல், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். லிம்போவில் இருக்கிறது என்று உங்களிடம் சொன்னவர், அதையே யாரோ தன்னிடம் சொல்லக் கேட்டு ஐம்பது அறுபது வருடம் உள்ளே வைத்திருந்தவராக இருக்கலாம். அப்படியென்றால் 1261-ஆம் எண்ணை நீங்கள் அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும், அதை இதுவரை அவருக்கு யாரும் வாசித்துக்காட்டியிருக்க மாட்டார்கள்.

தூக்கம் இல்லாதது மட்டும் எனக்குக் கவலை. பிரசவத்துக்குப் பிறகு உடம்பும் மனசும் சேர்ந்து சாயும், பிள்ளை கையில் இல்லாதபோது இன்னும் வேகமாகச் சாயும். இரண்டு வாரத்துக்கு மேல் தூங்க முடியாமல் இருந்தாலோ, பிள்ளையோடு போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், உடனே கணவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பாருங்கள். ஜெபமும் வேண்டும், டாக்டரும் வேண்டும்.

பெயரைக் கேட்டீர்கள். வையுங்கள். பெயர் வைப்பதற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவையில்லை. நீங்களும் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், வயிற்றில் இருக்கும்போது ஏதாவது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்கள், அதுவே போதும். பங்குத் தந்தையிடம் போய் நடந்ததைச் சொல்லி ஒரு பூசை கேளுங்கள், கருத்து எழுதுகிற சீட்டில் "எங்கள் குழந்தை" என்று எழுதாமல் அந்தப் பெயரை எழுதுங்கள். மதிலுக்கு வெளியே பாட்டியின் பிள்ளை ஒன்று இருந்து, அதற்கும் பெயர் இருந்தால், இரண்டு பெயரையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.